தையல்காரர் வீட்டு முயல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு, இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவின் முழங்கால் வலிகூடப் புது மாத்திரையில் அடங்கியிருக்கிறது. போனில் நீ இரண்டு வாரமாக அப்பா ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறாயாம், குளிக்கிறார், தூங்குகிறார் என்று அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். உன் குரலைக் கேட்டால் என்னால் இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டத்தில் பீன்ஸ் போட்டதும் முயல்கள் வந்து குருத்தைக் கடிக்க ஆரம்பித்ததும் உனக்குத் தெரியும். வேலியும் கட்டிப் பார்த்தேன், அடியில் குழி பறித்துக்கொண்டு வந்தன. பிறகுதான் ஏர் கன்னை எடுத்தேன். வெடிச்சத்தம் இல்லை, தெருவில் ஒருவருக்கும் தொந்தரவு இல்லை, சின்ன ஈயக் குண்டு, தலையில் பட்டால் அங்கேயே முடிந்துவிடும், கறியும் கெடாது. எட்டத்தில் இருப்பதைச் சுட மாட்டேன், பின்னால் மண்மேடு இல்லாமல் சுட மாட்டேன். இதையெல்லாம் பெருமையாக ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். முயல் விழுந்த அன்றெல்லாம் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் ஒரு கிண்ணம் குழம்பு போகும், அவர் மனைவி கறி தொட மாட்டார், அவர் மட்டும் ருசித்துச் சாப்பிடுவார்.

அன்று காலை பாத்தி ஓரத்தில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. நான் துப்பாக்கிக் குழலை மடக்கிக் குண்டு போட்டேன். காட்டு முயல் அந்தச் சத்தத்துக்கே பாய்ந்திருக்கும். இது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மென்றுகொண்டிருந்தது. ஏதோ சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டதம்மா. பட்டும், இன்றைக்கு நமக்கு யோகம் என்று நினைத்துச் சுட்டேன். உரிக்கும்போது அம்மா சொன்னாள், “என்னங்க, இது இவ்வளவு கொழுப்பா இருக்கு”. நம்ம பீன்ஸைத் தின்ற கொழுப்பு என்று நான் சிரித்தேன். மதியம் வழக்கம்போல் கிண்ணமும் போனது.

சாயங்காலம் தையல்காரர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அண்ணா, நம்ம குட்டிய பாத்தீங்களா, கூண்டு திறந்து கெடக்கு” என்று கேட்டார். அந்தப் பெண்மணி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாட்களில் யாரோ கொடுத்த முயல், தையல் மெஷின் அடியில் துணித் துண்டுகளுக்கு நடுவே வளர்ந்தது. ஒருமுறைகூட நான் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. இல்லையே என்றேன். நாக்கு அப்படித்தான் புரண்டது. கூடவே நின்று புதரெல்லாம் தேடவும் தேடினேன், அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அம்மா அன்று சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தாள். மறுநாள் என்னிடம், “சுட்டத சொல்லிடுங்க, குழம்ப மட்டும் சொல்லாதீங்க, அந்த மனுஷன் தாங்க மாட்டாரு” என்றாள். அதுவும் சரிதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். தையல்காரர் மெஷினில் இருந்தார். காட்டு முயல் என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தினார். கோபமே படவில்லை. “தெரியாம நடந்ததுதானேண்ணே, எங்க பொதைச்சீங்க, அவ ஒரு தடவ பாக்கணும்னு சொல்லுவா” என்றார்.

நான் தரையில் கிடந்த துணித் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் மாறியதைப் பார்த்தேன், வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். “அவகிட்ட சொல்லிடாதீங்க” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஆனால் அவர் மனைவி உள்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே போய்க் கழுவி வைத்திருந்த நம் கிண்ணத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஏர் கன்னைத் தூக்கி எறிந்துவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். அது அலமாரிக்கு மேலேயே இருக்கிறது, முயல்கள் பீன்ஸை முழுக்க முடித்துவிட்டன. எனக்குக் குழலை மடக்கவே கை வரவில்லை, அவ்வளவுதான்.

நீ சளிக்கு வெந்நீர் குடி, வேலைக்குப் போகும் அவசரத்தில் பட்டினி கிடக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இருவரும் மனம் நிறைந்து நெடுங்காலம் வாழ வேண்டும். அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்காதே, அவள் மறக்கப் பார்க்கிறாள். ஒன்றே ஒன்று, லீவில் வரும்போது தையல்காரர் வீட்டுக்கும் போவாய், அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டுவிடாதே. அன்று நான் நடந்ததைச் சொன்னேனே தவிர மன்னிப்புக் கேட்கவே இல்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. நான்தான் போய்க் கேட்க வேண்டும். தினமும் சட்டை மாட்டிக்கொண்டு நம் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா