பேட்டரிக்கு ஜுரம் பார்த்த கை

என் ஆகாசப் பைத்தியமே, தம்பி ரகு,

அக்ரஹாரத்து வீட்டிலிருந்து உன் அக்கா எழுதுகிறேன். நீ கட்டி முடித்து ஒரு முறைகூடப் பறக்கவிடாமல் போன மஞ்சள் விமானத்தை இந்தத் தசராவில் பறக்கவிடலாம் என்று நானும் உன் சிநேகிதன் மஞ்சுவும் முடிவு செய்தோம். விமானம் மேலே இருக்கும்போது கீழேயிருந்து அதை ஓட்டுகிற டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி தீர்ந்தால் அது யார் பேச்சையும் கேட்காது, விழுந்து நொறுங்கும் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. உன் கை பட்டதில் மிச்சம் அது ஒன்றுதான்டா.

விஜயதசமி அன்று விடிந்ததும் விமானத்துடையது, டிரான்ஸ்மிட்டருடையது என்று இரண்டு பேட்டரியையும் சார்ஜில் போட்டேன். நீ செய்த மாதிரியே திரைச்சீலையிலிருந்து தள்ளி, வெறும் சிமெண்ட் தரையில். பதினாலு மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. பேட்டரிக்குக் காவலா என்று உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன். இப்போது நானே சோற்றுத் தட்டோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நேரம் முடிகிறபோது மஞ்சு வந்தான். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரான்ஸ்மிட்டரைப் போட்டுப் பார்த்தான், பேட்டரி அளவு காட்டும் ஊசி பச்சையில் நின்றது. "ஆய்த்துக்கா, முடிஞ்சுது, நாளைக்குக் காலையில விட்டுடலாம்" என்றான்.

நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். "நீ எனக்கு ஜுரம் பார்ப்பியேக்கா, அதே மாதிரிதான். இளஞ்சூடா இருந்தா நெறஞ்சிருக்கு. கை பொறுக்கலைன்னா உடனே பிடுங்கிடு" என்பாய். விமானத்து பேட்டரி இளஞ்சூடாக இருந்தது. டிரான்ஸ்மிட்டருடையது சில்லென்றிருந்தது. அந்தக் குளிர்ச்சி என் கைக்குத் தெரியும். கடைசியாக உன் நெற்றியைத் தொட்ட நாளிலிருந்து தெரியும்.

"சும்மனே பயப்படறீங்கக்கா. ஊசி பொய் சொல்லுமா?" என்றான் மஞ்சு. மறுநாள் பறக்கவிடவென்றே லீவு போட்டவன், கோபம் வராதா? நானும் விடவில்லை. வயரைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், டிரான்ஸ்மிட்டரில் சார்ஜர் சொருகும் துளை நிறையக் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். முந்தின நாள் ஆயுத பூஜையில் அரிவாள்மனையிலிருந்து ஸ்கூட்டர் வரை பொட்டு வைத்த அம்மா, அந்த வட்டத்தைப் பொட்டுக்கென்றே விட்ட இடமாக நினைத்துவிட்டாள். சிவப்பு விளக்கு சார்ஜருக்குக் கரண்ட் வருவதை மட்டும்தான் காட்டியிருக்கிறது. பச்சை, போன வாரம் சோதித்ததில் மிஞ்சிய சொச்சம்.

"என் புள்ள சாமானுக்குத்தானே மொதல் பொட்டு வெச்சேன்" என்று அம்மா அழுதாள். பிறகு சுத்தம் செய்ய ஊக்கு கொண்டுவந்தாள். இரும்பு பட்டால் ஷார்ட் ஆகும் என்று தடுத்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தோம். மறுநாள் பகல் முழுக்க மறுபடி சார்ஜ். இந்தத் தடவை கைக்கு இளஞ்சூடு தட்டியது.

அடுத்த நாள் காலை, சாமுண்டி மலை தெரிகிற மைதானத்தில் அது எழும்பியது. ரகு, என்னவென்று சொல்வேன்? கயிறில்லை, கம்பியில்லை. இங்கே மஞ்சுவின் கட்டைவிரல் அசைய, அவ்வளவு உயரத்தில் உன் மஞ்சள் இறக்கை சாய்கிறது. இதையா நான் பொம்மை என்றேன்? அம்மா கைகூப்பி அண்ணாந்து நின்றாள். ஒரு நிமிஷம் மஞ்சு டிரான்ஸ்மிட்டரை என்னிடம் கொடுத்தான். என் கை நடுங்கியது, மேலே அதுவும் நடுங்கியது. நீ அதில் இருந்தாயா?

விமானம் முழுசாக இறங்கியது. இனி மாதம் ஒரு முறை பகலில் சார்ஜ் போடுவேன், பக்கத்திலேயே இருப்பேன், விளக்கை நம்பாமல் தொட்டுப் பார்ப்பேன். அடுத்த ஆயுத பூஜைக்கும் பொட்டு உண்டு, டிரான்ஸ்மிட்டரின் கைப்பிடியில். அம்மா இப்போதே இடம் பார்த்துவிட்டாள். உன் நெற்றியில் என்னால் திரும்பக் கொண்டுவர முடியாத சூட்டை, இதில் ஆறவிட மாட்டேன்.

உனக்கு ஜுரம் பார்த்த அதே கையால் எழுதும்,
உன் அக்கா