தவக்காலத்துத் தூக்கம்

ஏரவாடா, பூனா
23 மார்ச் 2004

அன்புள்ள ஆரோக்கியசாமி அண்ணனுக்கு,

தங்கை ஜான்சி எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் அம்மாவும் நானும் சுகம். குவைத் வெயில் உங்களை ரொம்ப வாட்டவில்லையே? போனிலேயே சொல்லலாம். ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, தம்பி ராஜாவும் ஹாலில்தான் இருக்கிறான்.

அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன வருஷம் புது மாத்திரை ஆரம்பித்த பிறகு அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. பசிதான் அடங்கவில்லை. நாலு வடாபாவ் தின்றுவிட்டு ஐந்தாவதைப் பற்றி யோசிக்கிறான். நீங்கள் கொடுத்த பேண்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. சர்க்கரையும் வந்துவிட்டது, அதோடு நாளெல்லாம் பீடி. இரண்டும் சேர்ந்தால் இதயம் தாங்காது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

சாம்பல் புதனன்று நாங்கள் கறி மீனை விட்டோம். இவன் யாரும் கேட்காமலே பீடியை விட்டான். நெற்றியில் சாம்பலோடு வந்து பீடிக்கட்டை அம்மா கையில் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு வீடே தூக்கத்துக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் வெயில் அவன் காலில் தொடங்கி முகம் வரை மெல்ல ஏறும், அவன் அசையமாட்டான். விழித்திருந்தாலும் பாதித் தூக்கம்தான். தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது, ரோடெல்லாம் மெத்தென்று இருக்கிறது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் சட்டையில் சோப்பு வாசனை வந்தது. ஆண்டவர் அமைதி கொடுத்துவிட்டார் என்றார் அம்மா. நானும் அந்த அமைதியில் மயங்கித்தான் போனேன். தலையணை எச்சிலில் நனைவதைப் பார்த்தும் டாக்டரம்மாவிடம் போகவில்லை. பீடியை விட்டது ஆண்டவருக்குச் செய்த நேர்ச்சை, அதை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அம்மாவின் உத்தரவு.

போன வாரம் குளியலறையில் விழுந்துவிட்டான். நல்லவேளை, தலையில் அடியில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், நேர்ச்சையைக் கேட்டதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பீடிப்புகை இந்த மாத்திரையை உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடுமாம். புகை நின்றதும் அதே மாத்திரை அளவுக்கு மீறித் தங்கிவிட்டதாம். விட்டது நல்லது, சொல்லாமல் விட்டதுதான் தப்பு என்று அம்மாவை இந்தியிலும் என்னை மராத்தியிலும் திட்டினார். மாத்திரையைக் குறைத்து, ரத்தமும் சோதிக்கிறார். இப்போது கண் தெளிந்திருக்கிறது. சாயங்காலம் என்னோடு பந்த் கார்டன் பாலம் வரை நடக்கிறான். பாதி வழியில் நான்தான் மூச்சு வாங்குகிறேன்.

ஆனால் மறுபடி புகைத்தால் குறைத்த மாத்திரை போதாது, குரல்கள் திரும்பலாம் என்கிறார். அதுதான் என் பயம்.

ஈஸ்டருக்கு வரும்போது சிகரெட் பெட்டிகள் வேண்டாம் அண்ணா. லீவில் வந்தால் மொட்டை மாடியில் அவனோடு ஒரு சிகரெட் பிடிப்பீர்கள், அது தீர்ந்ததும் சிநேகிதர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மனசில் பட்டதை எழுதுகிறேன். நேற்றுப் பாலத்தில் ராஜா கேட்டான், சிகரெட் இல்லையென்றால் அண்ணன் என் பக்கத்தில் உட்காருவாரா என்று. கண்டிப்பாக உட்காருவார் என்று உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

அன்புத் தங்கை,
ஜான்சி