விஜி ஏன் டயரை மாற்றினாள்

கரையான்சாவடி,
மார்கழி மாதம், வியாழக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள அரவிந்தனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் ரேஷ்மாவும் அந்த ஊர்க் குளிரில் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் இருக்க வேம்புலியம்மனைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை வரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன். போனிலேயே சொல்ல வேண்டியதை ஏன் அம்மா பேப்பரில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் செய்தால் அப்பா பக்கத்தில் இருக்கிறார், ஒரு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிடுவேன், அவர் கண்டுபிடித்துவிடுவார். இப்போது மாத்திரை போட்டுத் தூங்குகிறார். நான் சமையல்கட்டில் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். விஜி சாயந்திரம் வந்ததும் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஞாயிற்றுக்கிழமை நீ விஜியைப் போனில் திட்டியது எனக்கும் கேட்டது. சர்வீசில் பார்த்துவிட்டு ஷோரூமிலிருந்து உன் போனுக்கு ஏதோ மெசேஜ் அனுப்பினார்களாம், கம்பெனியில் போட்டு வந்த டயர் நாலையும் கழட்டிவிட்டார்கள், இனி அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று. யாரைக் கேட்டு மாற்றினாய், புது வண்டியை நாசம் பண்ணிவிட்டாய், உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றெல்லாம் கேட்டாய். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். எதிர்த்துப் பேசத் தெரியாதவள் இல்லை உன் தங்கை. அப்பா அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் பேசவில்லை. என்னிடமும்தான் வாங்கினார். நான் இப்போது அதை மீறுகிறேன். அம்மன் என்னை மன்னிக்கட்டும்.

ஆவணியில் நீ வாங்கிக் கொடுத்த கார் வந்த அன்றைக்கு அப்பா இருந்த இருப்பை நீ வீடியோவில் பார்த்தாய். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் அத்தனை வருஷம் பிரஸ் மிஷின் முன்னால் நின்ற மனுஷன், பஸ்ஸிலும் ரயிலிலும் தொங்கிக்கொண்டு போய் வந்தவர், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சிரித்தார். எதிர் வீட்டு முத்தம்மாள் வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னாக்கா, ஊட்டாண்ட கப்பலே வந்து நிக்கிது என்றாள். செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் போய்வந்தோம். திரும்பி வந்ததும் அப்பா உனக்குப் போன் செய்து, மெத்த மேல குந்திகினு வந்தா மாதிரி கீதுடா நைனா என்றார். நீ சந்தோஷப்பட்டாய். அது பொய் அரவிந்தா. அன்றைக்கே அவருக்கு வலித்திருக்கிறது. எனக்கும் தெரியாது, விஜிக்கும் தெரியாது.

அப்பாவின் கேன்சரைப் பற்றி உனக்குத் தெரிந்தது பழைய கதை மட்டும்தான். ஆபரேஷன் ஆனது, ஊசி போடுகிறார்கள், ரத்தத்தில் நம்பர் குறைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றது வரைக்கும்தான் உனக்குச் சொன்னோம். புரட்டாசியில் முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்தார்கள். நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். வலி குறைவதற்காகக் கரண்டு, அதுதான் ரேடியேஷன், வைக்க வேண்டும், தினமும் கூட்டி வாருங்கள் என்றார். வெளியில் வந்ததும் அப்பா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். அவன் இப்பத்தான் புது வேலைல சேந்துகீறான், இத்த கேட்டான்னா அல்லாத்தயும் வுட்டுட்டு ஓடியாந்துருவான், எந்தலையில அடிச்சி சத்தியம் பண்ணுங்க என்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் பார்க்கப் பார்க்க நாங்கள் சத்தியம் செய்தோம்.

அதிலிருந்து தினமும் உன் வண்டியில்தான் போனோம். விஜி ஆபீசில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே அம்பத்தூரில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வந்துவிடுவாள். பூந்தமல்லியிலிருந்து போரூர் வரைக்கும் ரோடு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா, மெட்ரோவுக்காகத் தோண்டி மூடி, மறுபடி தோண்டி, ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளம். உன் வண்டி உள்ளே ஒரு சத்தம் கேட்காது, ஏசி குளுகுளு என்று இருக்கும், சீட்டு அவ்வளவு மெத்து. ஆனால் கீழே சக்கரம் கல்லு மாதிரி. ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் ணங்கென்று அடிக்கும், அந்த அடி நேராக முதுகில் வந்து ஏறும். எனக்கே இடுப்பு வலிக்கும். அப்பா மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வலிக்கிறதா என்றால், இல்லமே, வேடிக்க பாக்கறேன் என்பார். நோயின் வலி என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒருநாள் உன் வண்டியை முதல் சர்வீசுக்கு விட்டிருந்தோம். அன்றைக்கு விஜியின் பழைய சின்ன வண்டியில் போனோம், கதவு கடகடவென்று ஆடுகிற அதே வண்டிதான். காட்டுப்பாக்கம் வருவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரித் தூங்கினார். விஜி திரும்பி அவரைப் பார்த்தாள், கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த வண்டில ஒரு நாளாவது கண்ண மூடுனாராம்மா, நாமதான் அப்பாவ தெனம் இடிச்சி இடிச்சி இட்டுனு போறோம் என்று சொல்லி அழுதாள். அப்புறம் அப்பாவிடமே கேட்டாள். இனிமேல் என் வண்டியிலேயே போகலாம் என்றாள். அவருக்கு வந்த கோபத்தை நான் கல்யாணம் ஆனதிலிருந்து பார்த்ததில்லை. எம்புள்ள ஆசையா வாங்கிக் குட்துகீறான், அத்த ஊட்டாண்ட நிக்க வச்சிட்டு வேற வண்டில போனா ஊரு இன்னா பேசும், அவன் காதுக்குப் போனா அவன் மனசு இன்னா ஆவும் என்று கத்தினார். அதோடு மூச்சு வாங்கியது. மறுநாளும் உன் வண்டிதான்.

விஜி ஷோரூமுக்குப் போய்க் கேட்டாள். இந்த டயர் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற மாதிரி செய்தது மேடம், அதனால் பக்கவாட்டில் தடிமனாக இருக்கும், அதனால்தான் வண்டியில் ஸ்டெப்னியும் இல்லை, நம் ஊர் ரோட்டுக்கு இது கொஞ்சம் அப்படித்தான், பழகிவிடும் என்றார்களாம். காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. இதே வண்டி வைத்திருக்கிறவர்கள் எழுதியதையெல்லாம் போனில் தேடித் தேடிப் படித்தாள். நிறையப் பேர் சாதா டயர் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்களாம். அப்போதுதான் உன்னிடம் கேட்டாள், உனக்கு ஞாபகம் இருக்கும். டயர் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது அண்ணா, மாற்றட்டுமா என்று அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. நீ சிரித்தாய். அந்தக் கம்பெனி இஞ்சினியர்களை விட உனக்குத் தெரியுமா, பள்ளம் பார்த்து ஓட்டு, கை வைக்காதே என்றாய். உன்மேல் தப்பில்லை. உனக்கு யார் சொன்னார்கள்.

ஐப்பசியில் பெரிய மழை பெய்தது. காட்டுப்பாக்கம் தாண்டி ரோடு முழுக்கத் தண்ணீர், எது பள்ளம் எது ரோடு என்று தெரியவில்லை. விஜி எறும்பு ஊர்கிற மாதிரிதான் ஓட்டினாள். அப்படியும் அப்பா பக்கத்துச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அப்பா கத்தினார். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, சாமுண்டி, எங்காலு எங்க கீது என்று கேட்டார். நான் பின்னாலிருந்து எக்கி அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினேன். தொடுகிறேன் தெரிகிறதா என்றேன். எங்க தொடற என்றார். அவருக்குத் தெரியாமலே ஒன்றுக்குப் போய்ச் சீட்டெல்லாம் நனைந்துவிட்டது, அதற்காக அவர் விஜியிடம் மன்னிச்சிக்கம்மா, அண்ணன் வண்டி வீணாப் பூட்ச்சி என்றார். அவள் அந்த மழையில், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினாள். பெற்ற பெண் அன்றைக்கு எப்படி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டாக்டரை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பள்ளத்தால்தான் இரண்டு காலும் விழுந்துபோனதா என்று. இல்லையம்மா, எலும்பு உள்ளே அரித்துப் போயிருந்தது, தும்மினாலும் இது நடந்திருக்கும், இன்று இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்றார். அவர் சொன்னதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். நீயும் அதையே நினைத்துக்கொள். நான் நினைக்கிற நாளும் உண்டு, நினைக்க முடியாத நாளும் உண்டு. விஜியிடம் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடாதே, ஓட்டியது அவள்.

ஆபரேஷன் தாங்க மாட்டார் என்றார்கள். வலிக்கு மட்டும் மிச்சக் கரண்டு வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். படுத்தபடி ஆம்புலன்சில் போகலாம் என்றால் அப்பா மாட்டேன் என்றுவிட்டார், தெருவில் எல்லோரும் பார்ப்பார்களாம். உன் வண்டியின் முன் சீட்டைத்தான் பின்னால் சாய்த்துப் படுக்கை மாதிரி செய்ய முடிகிறது, விஜி வண்டியில் அது முடியாது. டாக்டரும் முதுகுக்கு ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டு, சாய்த்துவைத்து மெதுவாகக் கூட்டி வாருங்கள் என்றுவிட்டார். அப்புறம்தான் விஜி யாரையும் கேட்காமல் நம் மெயின் ரோட்டில் பக்தவத்சலம் டயர் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, புது டயரு ஓரத்துல கீற ரப்பர் முள்ளுகூட போவல, அதுக்குள்ள கயட்ட சொல்ற, சாருக்குத் தெரியுமா என்று கேட்டார். விஜி, கயட்டுங்கண்ணா என்று மட்டும் சொன்னாள். மெத்தென்று இருக்கிற சாதா டயர் நாலு போட்டோம். ஸ்டெப்னி ஒன்று தனியாக வாங்கிப் பின்னால் வைத்தோம். அதை வைத்ததும் டிக்கியில் சக்கர நாற்காலிக்கு இடமில்லை, அதனால் நாற்காலியை மடித்துப் பின் சீட்டில் வைத்து அதைப் பிடித்துக்கொண்டு நான் உட்காருவேன். உன் பழைய டயர் நாலும் மாடிப்படிக்குக் கீழே கோணி போட்டு மூடி வைத்திருக்கிறது. உனக்கு வேண்டுமென்றால் ஒருநாள் மாட்டிக்கொள்.

அப்பாவிடம் டயர் மாற்றியதைச் சொல்லவில்லை. மறுநாள் கூட்டிப்போகும்போது அதே ரோடு, அதே பள்ளம், நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். வண்டி இறங்கி ஏறியது, அவ்வளவுதான். குமணன்சாவடி தாண்டி, காட்டுப்பாக்கம் தாண்டி ஐயப்பன்தாங்கல் வந்தது, அப்பா ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை. இன்னாமே, ரோடு புச்சா போட்டுக்கீறானுங்களா என்று கேட்டார். விஜி, ஆமாம்பா, நேத்துதான் போட்டாங்க என்றாள். எலக்சன் வருது போல, அதான் என்று சொல்லிவிட்டு, அப்பவே சொன்னேன்ல, எம்புள்ள வண்டி மெத்த மாதிரி போவும்னு என்றார். விஜி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, போன் வந்தது என்று சொல்லி இறங்கிப் போய் நின்றாள்.

அந்தப் பயணம் கொஞ்ச நாள்தான். கார்த்திகை தீபத்துக்கு முன்பே டாக்டர், இனி கூட்டி வர வேண்டாம், நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது வண்டி வாசலில் நிற்கிறது. வீடியோவில் நீ பார்க்கிற அப்பா, தலையணை மேல் தலையணை வைத்து நாங்கள் நிமிர்த்தி உட்கார வைத்த அப்பா. நீ கூப்பிடுகிற நேரம் தெரிந்தால் சவரம் செய்யச் சொல்வார். மார்புக்குக் கீழே தெரியாமல் விஜி போனைப் பிடிப்பாள். நீ போனை வைத்ததும் அப்படியே சரிந்துவிடுவார். சாப்பாடு கஞ்சி மட்டும்தான். பேச்சு தெளிவாக இருக்கிறது, அதுவும் காலையில் மட்டும்.

அதனால் இனி நான் சத்தியத்தைக் காப்பாற்ற மாட்டேன். வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்லக் கூடாது, ஆனாலும் வா. பொங்கலுக்கு என்று தள்ளிப் போடாதே. ரேஷ்மாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா, அவளைத் தனியாக விடுவதற்கு முன்னால் பக்கத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டு வா. முதலில் விஜிக்குப் போன் செய். டயரைப் பற்றிப் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், சாப்பிட்டாயா என்று மட்டும் கேள், அவளுக்குப் புரியும். அப்பா கேட்டால் ஆபீஸ் வேலையாகச் சென்னைக்கு வந்தேன் என்று சொல். நான் எழுதியது அவருக்குத் தெரியவே கூடாது.

உனக்கும் மருமகளுக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ உள்ளே நுழைந்ததும் அப்பா எழுந்திருக்கப் பார்ப்பார். அவரால் முடியாது. தோளைப் பிடித்துத் தூக்கிவிடாதே, எலும்பு தாங்காது. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்துவிடு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
சி. சாமுண்டீஸ்வரி