பூஜ்யம் என்று வந்த முடிவு

மார்ச் 4
இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் போய் மார்பகப் படத்தின் முடிவை வாங்கி வந்தேன். பஸ் டிப்போ ஓய்வறையில் பிரித்துப் பார்த்தேன். பாதி புரியவில்லை. அடர்த்தியான திசு, இடப்பக்கம் தெளிவில்லை, வகை: 0.

வீட்டில் இவரிடம் காட்டினேன். "பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்? பேசாம படு." எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மார்ச் 6
ஒன்றுமில்லை என்றால் 'தெளிவில்லை' என்று ஏன் எழுத வேண்டும்?

மார்ச் 9
மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ் பொறுமைசாலி. "ஜீரோன்னா ஒண்ணுமில்லைன்னு இல்லைம்மா. இந்தப் படத்தை வச்சு எதுவும் சொல்ல முடியலைன்னு அர்த்தம். இன்னொரு படமும் ஸ்கேனும் எடுக்கணும். முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா வராம மட்டும் இருந்துடாதீங்க."

வெள்ளிக்கிழமை போகிறேன். இவரிடம் சொன்னதும் டிவி சத்தத்தைக் கூட்டினார். மனுஷனா இவர்?

மார்ச் 12
சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ்ஸை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் முன்னால் வந்து, "என்னக்கா, வண்டி படுத்துடுச்சா?" என்றார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

மார்ச் 13
தனியாகத்தான் போனேன். போன தடவையைவிட அழுத்திப் பிடித்தார்கள். பிறகு ஸ்கேன். அந்தப் பெண் கருவியை ஒரே இடத்தில் உருட்டிக்கொண்டிருந்தாள் — ஏன் அங்கயே நிக்கிறா? எதையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?

சின்னக் கட்டி, பார்வைக்குச் சாதாரணமானது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வகை: 3.

"ஜீரோவுக்கே இந்தப் பாடு. இப்ப மூணா?"

"மார்க் மாதிரி பார்க்காதீங்கம்மா. கெட்டதா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

வழியெல்லாம் அந்தச் 'சொல்ல மாட்டேன்' மட்டும்தான் காதில்.

மார்ச் 14
காலையில் இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "எங்கம்மா இதுலதான் போனாங்கன்னு உனக்கே தெரியும். என்னால காது கொடுத்துக் கேட்க முடியலை." அவ்வளவுதான். வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 2
குளிக்கும்போது கை அங்கேயே போகிறது. பெரிசாயிருக்கா? அழுத்தி அழுத்தி வலியை வரவழைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

செப்டம்பர் 15
இவர் லீவு போட்டுவிட்டு வந்தார். அளவு மாறவில்லை என்றார் டாக்டர். நான் எழுந்துவிட்டேன், இவர் எழவில்லை. "மாறலைன்னா நல்லதுதானே? அப்புறம் எதுக்கு மறுபடி ஆறு மாசத்துல?" என்று குடைந்தெடுத்தார். ரெண்டு வருஷம் இப்படியே இருந்தால் கவலையை விடலாமாம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண் விழித்தால் எங்கள் நிறுத்தம் தாண்டிக் கடைசி நிறுத்தம். எங்களைத் தவிர வண்டியில் யாருமில்லை.

"எழுப்பியிருக்கலாமே."

"தூங்கட்டும்னு விட்டேன்" என்றார்.