குகைக்குள் போனவனுக்குக் கல் நட்டது யார்?

மகளுக்கு,

பெரிய பாலம் வெள்ளத்தில் போய், நூற்பாலையையும் இழுத்து மூடிய வருஷம் அது. கப்பல் வேலைக்குப் போன உன் அண்ணனிடமிருந்து கடிதம் நின்றுபோனதும் அந்த வருஷம்தான். உனக்கு ஆறு வயது. குகைக்குள் போன இளவரசன் கதையை அப்போதுதான் உனக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

"வந்துட்டானாப்பா?" என்று தினமும் கேட்பாய். "வந்துக்கிட்டே இருக்கான்மா" என்பேன். "குகையில பாய் விரிச்சுப் படுத்துட்டானா? சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்பாள் உன் அம்மா.

அந்தக் கதையை இப்போது புத்தகமாகப் போட்டிருக்கிறாய். எனக்கு எழுத்து தெரியாது. மாடி வீட்டுத் தையல்காரர்தான் வாசித்துக் காட்டினார். இதை எழுதுவதும் அவர்தான். கடைசி அத்தியாயத்தில் குகையில் இருக்கும் பூதம் இளவரசனைக் கொல்கிறது, ஊரார் அவனுக்குக் கல் நடுகிறார்கள், நீ முற்றும் போட்டுவிட்டாய். கேட்டால், "முடிவு தெரியலைன்னா படிக்கிறவங்க கோபப்படுவாங்கப்பா" என்று போனில் சொல்கிறாய். முப்பது வருஷமாக முடிவு தெரியாமல் நான் இருக்கவில்லையா? உடம்பைக் கண்ணால் பார்க்காமல் கல் நட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

"இப்படியே எழுதட்டுமா பெரியவரே?" என்கிறார் தையல்காரர். எழுதட்டும்.

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. நம் வீட்டில் உன் அம்மா போய்விட்டாள், சித்தப்பாவும் போய்விட்டான். எனக்கும் நாள் நெருங்கிவிட்டது. அப்புறம் மிச்சம் நீ ஒருத்திதான் என்று எண்ணாதே. உன் அண்ணன் இருக்கிறான்.

உங்கள் இருவருக்கும்
அப்பா