மையாற்றின் கருமை காணாமற்போன வழக்கு

நலமே சூழ்க. வற்றாத மையாறும், அது பிறக்கும் தேக்கமலையும், அது சென்று சேரும் உப்புக்கடலும் ஒருங்கே விளங்குக. மழை தவறாத மலைநாட்டுக்கும், எதையும் அளக்கத் தவறாத அதன் சபைக்கும் வணக்கம் உரித்தாகுக.

தேக்கமலைக் கோமகனார் நெடுமுடியாரின் வலக்கையும், முப்பத்திரண்டு சுனைகளின் காவலரும், துகில் தோய்த்து நீதி கண்ட பெருந்தகையுமாகிய பேரமைச்சர் அரிஞ்சில் நாகனார் திருச்சமூகத்துக்கு, மையாறு கடலில் கலக்கும் இரால்வாயில் கழிமுக நாயகனாய் அமர்த்தப்பட்டு, பதினொரு மாதங்களாகக் கொசுக்கடியில் அரச காரியம் பார்த்துவரும் கோட்டன் வெளியன் விடுக்கும் ஓலை. சபை மரபுப்படி, எழுதுபவன் தன்னை நாயகன் என்றே இதில் குறிப்பான்.

பேரமைச்சரின் ஆணை வந்து சேர்ந்தது. மலைக்காட்டின் இலைச்சாறும் பயிரிடச் சுட்ட கொல்லைகளின் கரியும் கலந்து கறுத்து இறங்கும் ஆற்றின் கருமையை இரால்வாய் மக்கள் களவாடிவிட்டனர் என்றும், களவுப்பொருள் அலையாத்திக் காட்டின் அடியில் புதைந்திருப்பதால் காட்டை வெட்டிச் சேற்றைத் தோண்டி வண்டிகளில் மலைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும், கார்த்திகை நிறைமதிக்குள் முடியாவிடில் நாயகனின் பதவி பறிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. நாயகன் அதை மூன்று முறை படித்தான். மூன்று முறையும் அதுவேதான் எழுதியிருந்தது.

வழக்கு எப்படி முளைத்தது என்பதைப் பேரமைச்சர் அறிவார். ஆயினும் பாதிதான் அறிவார். ஆண்டுதோறும் ஆடிப் புதுவெள்ளத்தில் ஊற்றுக்கண்ணில் ஒரு குடமும் கழிமுகத்தில் ஒரு குடமும் நிரப்பி, சபையில் வைத்து, இரண்டிலும் வெள்ளைத் துகில் தோய்த்து நிறம் ஒப்பிடுவது நம் நாட்டு முறை. நூறாண்டுகளாக இரண்டு துகிலும் ஒரே கறுப்பு. இவ்வாண்டு மட்டும் கழிமுகத்துத் துகில் வெளுத்து வந்தது. சபை அதிர்ந்தது. இரால்வாய் முழுதும் கள்ளர் என்று தீர்ந்தது.

உண்மை யாதெனில், முன்னிருந்த நாயகர் எவரும் கழிமுகத்துக்குப் போனதே இல்லை. தோணியில் போனால் வயிற்றைப் புரட்டும் என்று, உப்பேறாத மேல்துறையிலேயே குடத்தை நிரப்பி, கழிமுகம் என்று முத்திரையிட்டு அனுப்பிவந்தார்கள். இந்த நாயகன் புதியவன். ஆணையில் கழிமுகம் என்று இருந்ததால் கழிமுகத்துக்கே போய் மொண்டான். நேர்மையாக வேலை செய்ததே அவன் செய்த பிழை. அதற்குரிய தண்டனையை அவன் ஏற்கிறான். ஊர் ஏன் ஏற்க வேண்டும் என்பதே இவ்வோலையின் பொருள்.

புரட்டாசியில் படைத்தலைவர் ஏனாதி கங்கனார் நானூறு மண்வெட்டிகளுடன் வந்து இறங்கினார். நல்ல வீரர், சேற்றை மட்டும் அதுவரை கண்டதில்லை. முதல் நாள் ஒரு செருப்பையும், இரண்டாம் நாள் மறு செருப்பையும் இழந்தார். ஆயினும் இரண்டு பெருங்குழிகள் தோண்டப்பட்டன; அவ்விடத்து அலையாத்தி மரங்கள் அனைத்தும் சாய்ந்தன. அடுத்த அமாவாசை ஏற்றத்தில், நண்பகல் வேளையில், தடுக்க வேர் இல்லாத அவ்வழியே கடல் நடந்து வந்து குயவர் தெருவில் நின்றது. ஊரின் குடிநீர்க் கிணறு இரண்டில் ஒன்று உவர்த்துப் போயிற்று. மூன்றாம் குழிக்கு அளந்திருக்கும் இடம் மற்றக் கிணற்றுக்கு நேர் முன்னே இருக்கிறது. அதைத் தோண்டினால் இரால்வாயில் குடிப்பதற்கு ஒரு சொட்டு இராது.

அன்று நண்டு பிடிக்கும் செங்காணி என்பவள் ஏனாதியாரின் முன் வந்து நின்று முறையிட்டாள். அவள் சொல்லைச் செந்தமிழில் திருத்தினால் சூடு ஆறிவிடும் ஆதலால் அப்படியே வருகிறது: “ஆத்துல வந்தத நண்டு தின்னுச்சு. நண்ட நாங்க தின்னோம். அப்ப எங்க வயித்தயும் தோண்டிருவீயளா? தோண்டுங்க, இந்தா நிக்கிறேன்.”

நாயகன் அன்றே, கருமை எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்துவிடுவது எனத் துணிந்து, தோணிக்காரர் உப்பூரனுடன் ஆற்றில் ஏறினான். அமைதியான மடுக்களில், அடியில் மட்கிய இலையிலிருந்து குமிழிகள் மேலே வந்தவண்ணம் இருந்தன. குடத்தைக் கவிழ்த்துப் பிடித்து அவற்றைச் சேர்த்தபோது, உப்பூரன் சுருட்டோடு குனிந்து பார்த்தார். குப்பென்று பற்றியது. அவரது மீசையின் இடப்பக்கம் அரச காரியத்தில் செலவாயிற்று. ஆகவே கருமையில் ஒரு பங்கு, கடலைக் காணும் முன்பே காற்றாகிப் போகிறது என்பது ஐயமின்றித் தெரிந்தது.

எஞ்சியது கழிமுகம் வந்து உப்பைச் சந்திக்கிறது. கருநீர்க் குடத்தில் கடல்நீரை ஊற்றி வைத்தான். பொழுது சாயுமுன், உறை தப்பிய பால் திரிவதுபோல் கருமை திரிதிரியாய்ச் சேர்ந்து வண்டலோடு அடியில் படிந்தது. மேலே நின்ற நீரில் துகிலைத் தோய்த்தான். வெளுத்தது. களவு அங்கேதான் நடக்கிறது, கள்ளன் உப்பு. இத்துடன் ஒரு குடம் கடல்நீர் வருகிறது. பேரமைச்சர் சபையிலேயே ஊற்றிப் பார்க்கலாம்.

அப்படிப் படிந்ததை அலையாத்தி வேர்கள் பிடித்து வைக்கின்றன. ஏனாதியாரின் குழியில் ஓராள் ஆழத்தில் தேக்கிலை ஒன்று கிடைத்தது, நரம்புகூடக் கலையவில்லை. எந்தக் கோமகனார் காலத்தில் உதிர்ந்ததோ, இன்னும் மட்காமல் காவலில் இருந்தது. பிடிபடாத பங்கு கடலுக்குள் போகிறது. சிறுபூச்சி தின்கிறது, அதை மீன் தின்கிறது, கொஞ்சம் சிப்பியின் ஓடாகிறது, கொஞ்சம் ஆழத்தில் இறங்கி அங்கேயே தங்குகிறது. அங்கே நம் நாட்டு எல்லைக்கல் எதுவும் நடப்படவில்லை.

இவ்வளவையும் நாயகன் ஏனாதியாரிடம் விளக்கினான். ஆணை ஆணைதான் என்று அவர் மறுத்தார். வண்டிகள் வரும்வரை தோண்டிய சேற்றைக் குன்றாய்க் குவித்து, நாற்புறமும் காவல் போட்டு, தம் கட்டிலையும் அதன் அருகிலேயே போட்டுக்கொண்டார். ஐப்பசி பிறக்குமுன் இருபது நாள் நல்ல வெயில். வண்டிகளும் வந்தன. சபை முறைப்படி, ஏற்றுமுன் நிறமும் எடையும் பார்க்கப்பட்டன. மைபோல் இருந்த சேறு சாம்பல் பூத்திருந்தது. ஈரம் உலர்ந்ததைக் கழித்த பின்னும் எடை குறைந்தது. சபையின் சட்டம் தெளிவானது: கருமை யார் பொறுப்பில் குறைகிறதோ அவரே கள்வர்.

ஏனாதியார் குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “யோவ் நாயகரே, நான் கண்ணக்கூட மூடலய்யா. எவன் எடுத்தான்?” என்று வினவினார்.

காற்று எடுத்தது என்றும், நீரின் அடியில் இருந்தவரை அதனால் எட்ட முடியவில்லை என்றும், நாம்தாம் வெளியே எடுத்துக் கொடுத்தோம் என்றும் நாயகன் விடை கூறினான்.

“அப்ப அதப் புடிச்சுக் கட்டுய்யா!” என்றார். முயன்று பார்க்கப்பட்டது, இயலவில்லை. சற்று நேரம் கழித்து, “எம் பேரயும் ஓலையில கள்ளன்னு எழுதுவாங்களாய்யா?” என்று மெல்லக் கேட்டார். எழுதுவார்கள் என்று நாயகன் சொன்னான். அதன் பிறகு ஏனாதியார் மிகவும் புத்திக்கூர்மையுடன் நடந்துகொண்டார். நானூறு பேரும் அன்று மாலையே குழிகளில் சேற்றைத் திரும்பத் தள்ளத் தொடங்கினர். செங்காணியும் அவள் கூட்டத்தாரும் அலையாத்தி முளைகளைக் கூடை கூடையாய்க் கொண்டுவந்து, நடுவது எப்படி என்று வீரர்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆகையால், கழிமுகம் நாயகனின் ஆட்சிக்கு உட்பட்டது என்று அவனது நியமன ஓலையில் பேரமைச்சரே கைச்சாத்திட்டிருப்பதால், அந்த உரிமையில் நாயகன் விதிப்பதாவது: இன்று முதல் இரால்வாய் அலையாத்திக் காட்டில் தோண்டுதல் இல்லை. மரம் சாய்த்தல் இல்லை. மலையின் கருமை வேண்டுவோர் மலையில் கொல்லை சுடுவதைக் குறைத்து, சரிவில் மரத்தை விட்டுவைத்து, அங்கேயே அதை வைத்துக்கொள்க. இங்கு வந்துசேர்ந்தது இங்கேயே இருக்கும். நீரும் வேரும் மூடிக் காக்கும்.

இதற்கு மாறாய் மூன்றாம் குழியைத் தோண்டியே தீர வேண்டும் எனச் சபை கருதுமாயின், தடையேதும் இல்லை. இவ்வோலை தங்கள் கைக்கு வரும் நாளில், அந்தக் குழிக்கு அளந்த இடத்தின் நடுவில், இடுப்பளவு சேற்றில் நாயகன் நின்றுகொண்டிருப்பான். முதலில் அவனைத் தோண்டி எடுக்க வேண்டும். பதவியைப் பறிக்க வருபவரும் அவ்விடத்துக்கே வந்து பறித்துக்கொள்ளலாம்.

இது கழிமுக நாயகன் கைச்சாத்து. இரால்வாய் நண்டு முத்திரை. வாங்கியவர் வாழ்க, வாசித்தவர் தெளிக.

வருகிறவர் தமக்கொரு மண்வெட்டி எடுத்துவரவும். இங்குள்ள நானூறும் வேலையாய் இருக்கின்றன.