வாசிக்காமல் விட்ட இரண்டாம் பக்கம்

பண்டத்தரிப்பு
14.10.2024

அன்பு மகள் ஜெயனிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் நேசமலர் மாமியும் நடமாடித் திரிகிறோம். அந்த நோர்வேக் குளிரில் உன்னையும் மருமகனையும் அவரே காப்பாராக. இங்கே மழை தொடங்கிவிட்டது, முருங்கை ஒன்று சரிந்து போயிற்று. இது யாருடைய எழுத்தென்று யோசிப்பாய், என்னுடையதுதான். இரண்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இலக்கம் தெரியும், எழுத்துத்தான் தெரியாதிருந்தது. கணக்குக் கொப்பியில் மீனுக்கு ஒரு கோடு, மாவுக்கு ஒரு வட்டம் என்று போட்டே காலம் போயிற்று. மாமிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு வாசித்துக் காட்ட ஆளில்லை. போன வருசம் ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, பாடமான பாட்டுகளைப் பாடிப் பாடி ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து வாசிக்கவும், அதைப் பார்த்து எழுதவும் பழகினேன். ஆனால் தெரிந்த பாட்டில் வாய் முந்திக்கொள்ளும், விரல் பின்னால் நிற்கும். வாய்க்குப் பழகாத எழுத்து வேண்டுமென்று பிஸ்கட் பேணிக்குள் இருந்த உன் கடிதங்களை எடுத்தேன்.

ஆறு வருசத்துக்கு முந்திய கடிதத்தில் முதற்பக்கம் மாமி வாசித்தபடியே இருந்தது. இரண்டாம் பக்கம் நான் கேட்டே இராதது. பிழையாக வாசிக்கிறேனாக்கும் என்று மூன்று நாள் எழுத்துக் கூட்டினேன். பிழையில்லை. வயிற்றில் பிள்ளை தங்கவில்லை என்று எழுதி, “அதுக்குப் பிறகு எனக்கு ஜெபம் வருகுதில்லை, கோயிலுக்கும் போறேல்லை, என்னிலை கோவமோ அம்மா, போனிலை கதைக்க வாய் வருகுதில்லை, எழுதி அனுப்புங்கோ” என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் சொல்லி எழுதுவித்த பதில், நீ சுகமாயிருப்பது சந்தோசம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போ என்பது. மாமியைக் கேட்டேன். “உமக்கு அப்ப பிறஷர் ஏறி நிண்டது மச்சாள். நீர் சொன்னதை ஒரு சொல்லு விடாமல் எழுதினன்தானே” என்றா. எழுதினதில் ஒன்றும் விடவில்லை, வாசித்ததில்தான் ஒரு பக்கத்தை விட்டிட்டா. வஞ்சமில்லாதவ, நீ அவவோடு கோபிக்காதே.

ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனியோ என்று நான் போனில் கேட்க, நீயும் ஓம் என்றபடி இருந்திருக்கிறாய். இனிக் கேட்கமாட்டேன். எனக்குக் கோபமில்லை மகள். ஜெபம் வராவிட்டால் விடு, உன்னுடையதையும் சேர்த்து நான் செய்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மா அனுப்புகிறேன்.

கர்த்தருடைய கரம் உங்கள் இருவர் மேலும் இருப்பதாக. அந்தப் பிள்ளைக்கு மனதுக்குள் பெயர் வைத்திருந்தால் எழுது, ஜெபத்தில் சொல்ல வேண்டும். எத்தனை பக்கமென்றாலும் நானே வாசிப்பேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஞானறஞ்சிதம்